வானத்தில் ஏழு கொக்கு

ஜூன் 3

ஓரகடத்தில் உள்ள ஜப்பான் கம்பெனி ஒன்றின் விருந்தினர் விடுதிக்கு, அவர்கள் ஊர் அலைப்படம் ஒன்றை மரத்தில் செய்து தருவதாக இன்று ஒப்புக்கொண்டேன். ஏழரை அடி நீளம், ஐந்தடி உயரம். ஜூலை 22க்குள் விடுதி வாசல் சுவரில் மாட்டியாக வேண்டும்.

வந்தவர்கள் என்னவோ அறைக்கதவு வாங்கத்தான் வந்தார்கள். நிஷிமுரா என்று ஒரு மேலாளர். அவருக்கு ஜப்பான் மொழியில் எடுத்துச் சொல்ல சுபாஷிணி என்று நம்மூர்ப் பெண். கதவைப் பார்த்துக்கொண்டிருந்தவர், என் மேசைக்குப் பின்னால் மாட்டியிருக்கும் மயிலைப் பார்த்து நின்றுவிட்டார். மரத் தகடுகளை மெஷினில் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டிய மயில். சாயம் கிடையாது. கறுப்புக்குக் கறுத்த மரம், வெளுப்புக்கு வெளுத்த மரம்.

சுபாஷிணி செல்போனில் ஒரு படத்தைக் காட்டினாள். ஒரு பெரிய அலை நகத்தை நீட்டிக்கொண்டு எழுந்து நிற்கிறது. கீழே மூன்று படகு, படகுகளில் ஆட்கள் குனிந்து கிடக்கிறார்கள். எட்டத்தில் பொடியாக ஒரு மலை. வரைந்து இருநூறு வருஷம் ஆகப் போகிறதாம். பலகையில் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுத்த படம். "இதை அந்த மயில் மாதிரி செய்ய முடியுமான்னு சார் கேக்கிறார்."

முடியும் என்றேன். முதலில் முடியும் என்று சொல்லிவிட்டுத்தான் யோசிப்பது. சுரண்டையிலிருந்து வந்து மரக்கடையில் தோளில் தடி சுமந்த காலத்திலிருந்து அப்படித்தான். மனதுக்குள், ஆளை விழுங்க வரும் கடலை வாசலில் எவனாவது மாட்டுவானா என்று நினைத்ததும் உண்மை.

படத்துக்குப் பக்கத்தில் பித்தளையில் சின்னப் பலகை வைப்பார்களாம். செய்தவர் பெயர் மூன்று மொழியில் இருக்குமாம். "யார் செய்யறாங்க?" என்று கேட்டாள். "நாங்கதான்" என்றேன்.

கம்ப்யூட்டரில் வரைவது பேச்சி. பேச்சியம்மாள், என் மனைவி. ஊரடங்கில் டிசைனர் ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அவளாக வீடியோ பார்த்துப் படித்தாள். அதற்குப் பிறகு எங்கள் கதவில் இருக்கும் யானை, கொடி, மயில் எல்லாம் அவள் போட்டவை. கடைக்கு வருகிறவர்களிடம் "நம்ம டிசைனர்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். மனைவி என்று தெரிந்தால் விலையைக் குறைக்கச் சொல்வார்கள்.

வீட்டுக்கு வந்து படத்தைக் காட்டினேன். பார்த்துக்கொண்டே நின்றாள். குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அதற்கப்புறம் இரண்டே கேள்வி.

"எத்தன நாளு?"

சொன்னேன்.

"பலகைல யாரு பேரு?"

"மொதல்ல அலையச் செய். பலகைய அப்புறம் பாப்போம்" என்றேன்.

ஜூன் 9

பேச்சி இந்தப் படத்தைப் பற்றியே படிக்கிறாள். சாப்பிடும்போது சொன்னாள்: "அந்தக் காலத்துல இது ஒத்த ஆளு வேலை இல்லயாம். வரையுறது ஒருத்தரு, பலகைல செதுக்குறது இன்னொருத்தரு, மை ஒத்தி எடுக்குறது வேற ஆளு. மூணு பேரையும் வச்சு வேலை வாங்கி விக்கிறது ஒரு வியாபாரி."

"அப்ப நம்மாளு அங்கயும் இருந்திருக்கான்."

"இருந்திருக்கான். வரைஞ்சவரு பேரு ஊருக்கெல்லாம் தெரியும். செதுக்குனவன் பேரு பாதிப் படத்துக்குத் தெரியவே தெரியாதாம்."

"கூலி வந்திருக்கும்லா."

எழுந்து போய் மோர் எடுத்து வந்தாள். மோரில் உப்பு இல்லை. சொல்லவில்லை.

ஜூன் 10

படப்பை வீட்டுக்கு நிலைக்கதவு போயிற்று. ஒரு அங்குலம் கூடுதலாக இருந்தது. இழைத்துச் சரி செய்தோம்.

ஜூன் 18

அலையின் நுரை நகம் நகமாக இருக்கிறது அல்லவா, அதுதான் உயிரை வாங்குகிறது. நுனி ஒன்றரை மில்லிதான் அகலம். வெள்ளை ஆஷ் மரத்தில் வெட்டினால் மூன்றுக்கு ஒன்று முறிந்தது. மெஷினை ஓட்டும் ஏகாம்பரம் இரண்டு நாளில், மரத்தைக் குடையும் பிட் ஐந்தை உடைத்துவிட்டு என்னிடம் வந்தான்.

"மொதலாளி, இது கதவு வேலையா, இல்ல பல் டாக்டர் வேலையா? அம்மாகிட்ட சொல்லுங்க. நகத்தக் கொஞ்சம் தடிமனா போட்டா இன்னா?"

நானும் அதையேதான் நினைத்தேன். போய்ச் சொன்னேன். பேச்சி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தடிச்சா அது கை மாதிரி ஆயிரும். இது பிறாண்டணும்."

பிறகு அவள் செய்த காரியம்: நுரை முழுவதையும் ஒரே தகட்டில் வெட்டுவதை விட்டுவிட்டாள். ஒவ்வொரு நகத்தையும் தனித் துண்டாகப் பிரித்து, மரத்தின் ரேகை அடியிலிருந்து நுனிவரை நீளவாக்கில் ஓடும்படி ஒவ்வொன்றையும் திருப்பி வைத்து வெட்டச் சொன்னாள். நூற்றுப் பன்னிரண்டு துண்டு. முதுகில் பென்சிலால் நம்பர். ஒன்றும் முறியவில்லை. ஏகாம்பரம் என்னிடம் ஒரு நகத்தைக் கொண்டுவந்து, உள்ளங்கையில் வைத்து, "குத்துது மொதலாளி" என்றான்.

நேரம் இரண்டு மடங்கு பிடிக்கிறது. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

ஜூன் 25

படத்தின் இடது மூலையில் ஜப்பான் எழுத்து ஒரு கட்டத்துக்குள் இருக்கிறது. கோடு தப்பினால் அர்த்தம் தப்பிவிடும் என்று பேச்சி ஒவ்வொரு தகட்டின் வரைபடத்தையும் சுபாஷிணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கேட்கிறாள். தினமும் பேசுகிறார்கள். "அக்கா, அக்கா" என்று அந்தப் பெண்ணின் சத்தம் அடுப்படிவரை கேட்கிறது. வாடிக்கையாளரோடு நேராகப் பேசுவது நான் மட்டும்தான் என்று ஒரு முறை வைத்திருக்கிறோம். சொன்னேன். "நீங்க விலையப் பேசுங்க, நான் கோட்டப் பேசுதேன்" என்றாள்.

ஜூலை 2

வானம் பற்றி வாக்குவாதம்.

பதினொரு தகட்டில் அடித்தகடு வானம். நீலகிரி சில்வர் ஓக். அதில் ஒரு வேலையும் கிடையாது. படத்தில் மூன்றில் ஒரு பங்கு மொட்டையாகக் கிடக்கிறது. எங்கள் தொழிலில் செதுக்கு வேலைக்குச் சதுர அடிக் கணக்கு. கதவில் ஒரு சாண் இடம் வெறுமையாக இருந்தால், "இங்க ஏன் ஒண்ணும் போடல?" என்றுதான் வாங்குகிறவர் கேட்பார். அதனால் நாங்கள் சும்மா விடுவதில்லை. ஒரு கொடி, ஒரு பூ, ஒன்றும் இல்லாவிட்டால் நாலு புள்ளி.

"இவ்வளவு எடம் சும்மா கெடக்கே" என்றேன்.

"கெடக்கட்டும்."

"ஏமாத்திட்டான்னு நெனைப்பான்."

"இங்க பாருங்க." தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினாள். சில்வர் ஓக்கில் உள்ளே பொடிப்பொடியாக மினுக்கம் உண்டு, மழை வரப்போகும்போது இருக்குமே, அந்த மாதிரி. "பதிமூணு ஷீட் பொரட்டி இத எடுத்தேன். வானம் சும்மா இருந்தாத்தான் அலை விழப் போகுதுன்னு தெரியும். இங்க எதையாவது போட்டா கண்ணு அங்க ஓடிரும்."

கேட்டுக்கொண்டேன். ஒப்புக்கொள்ளவில்லை.

ஜூலை 8

கம்பெனியிலிருந்து மின்னஞ்சலில் ஒரு படிவம் வந்தது. பித்தளைப் பலகைக்கு: செய்தவர் பெயர்.

சுடலைமுத்து என்று என் பெயரை எழுதி அனுப்பினேன்.

காரணம் இருக்கிறது. பலகையைப் பார்க்கிறவன் இன்னொரு வேலை கொடுக்க நினைத்தால் யாரைத் தேடுவான்? கடைக்காரனைத்தான். மெஷின் என்னுடையது, மரம் என்னுடையது, கெட்டுப்போனால் கெட்ட பெயரும் என்னுடையது. பேச்சியம்மாள் என்ற பெயரை ஜப்பான்காரர் வாயில் நுழைக்கவும் முடியாது. பேச்சி கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இன்று கேட்கவில்லை.

ஜூலை 12

பேச்சியின் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். திருநெல்வேலி போகிறாள், ஐந்து நாள். பஸ்ஸுக்குக் கிளம்புமுன் பட்டறைக்கு வந்து ஏகாம்பரத்திடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாத் தகடும் தயார், ஒட்டி இறுக்க வேண்டியதுதான், வானத்தை உப்புத்தாள்கூடப் போடக் கூடாது. நகத்துண்டுகளை மூன்று எவர்சில்வர் தட்டில் வரிசையாக வைத்திருந்தாள். என்னிடம், "மாத்திரை மறந்துராதீங்க" என்றாள்.

ஜூலை 14

வானத்தில் ஒரு சூரியனும் ஏழு பறவையும் போட்டேன்.

சூரியன் என்னுடைய யோசனை. அவர்கள் நாட்டுக்குச் சூரியன்தானே அடையாளம். வலது பக்கம், உதிக்கிற மாதிரி, கதிரோடு. பறவை பதினாலாம் நம்பர் கதவு ஃபைலில் இருந்தது. சூரியனும் பறவையும் சேர்ந்துதான் மெஷினுக்கு அரைமணி நேரம் வேலை.

ஏகாம்பரம் தலையைச் சொறிந்தான். "அம்மா ஒண்ணும் போடக் கூடாதுன்னுச்சே."

"அம்மாவுக்கு நான் சொல்லிக்கிறேன்."

"சொல்லிட்டே போட்டுக்கலாமே மொதலாளி. போன் இருக்குதே."

"நீ சம்பளம் யார்கிட்ட வாங்குற?"

பொத்தானை அமுக்கினான். அழகாகத்தான் வந்தது. நிறைந்திருந்தது.

ஜூலை 15

பதினொரு தகடும் ஒட்டி இறுக்கியாயிற்று. ஏகாம்பரம் நகத்தை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, நானே ஒட்டினேன். நம்பர் பார்த்து ஒட்டியதால் ஒன்றும் தப்பவில்லை. நிமிர்த்தி வைத்தபோது ஒரு அடி பின்னால் போனேன். நிஜமாகவே போனேன். அலை அப்படி இருந்தது.

ஜூலை 17

பேச்சி பஸ்ஸிலிருந்து நேரே பட்டறைக்கு வந்தாள். பையை இறக்கி வைக்கவில்லை. பையோடு நின்று பார்த்தாள்.

"எந்தக் கதவுல இருந்து எடுத்தீங்க?"

"பதினாலு."

"அது கொக்குல்லா. வயல் கொக்கு. நாத்து நட்ட வயலுக்குப் போட்டது. புயல்காத்துல நடுக்கடல்ல கொக்கு எதுக்கு வருது?"

ஏகாம்பரம் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. நான் என்ன சொல்ல? "இவ்வளவு தூரத்துல கொக்கா காக்காவான்னு யாருக்குத் தெரியப் போவுது" என்றேன்.

வானத்தை மட்டும் பிரித்து எடுக்க முடியுமா என்று கேட்டேன். முடியாது, மேலே இருக்கிற பத்தும் அதன்மேல்தான் ஒட்டியிருக்கிறது. எல்லாவற்றையும் முதலிலிருந்து வெட்டவேண்டும், பதினெட்டு நாள் ஆகும் என்றாள். இருப்பது ஐந்து நாள். அப்படியேதான் போகும் என்று சொல்லிவிட்டேன்.

"சரி. நான் மாட்ட வரல. நீங்களே கொண்டு போங்க."

அம்மாவுக்குக் கண் எப்படி இருக்கிறது என்று கேட்க மறந்துபோனது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

ஜூலை 22

கொண்டுபோய் மாட்டினோம்.

நிஷிமுரா வந்தார். செருப்பைக் கழற்றினார், அங்கே யாரும் கழற்றச் சொல்லவில்லை. நுரைக்கு ஒரு சாண் தூரத்தில் கையை வைத்துக்கொண்டு, தொடாமல், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை நடந்தார். குனிந்து படகுக்காரர்களைப் பார்த்தார். நிமிர்ந்தபோது வானத்தைப் பார்த்தார். அங்கேயே நின்றுவிட்டார். வியாபாரத்தில் முப்பது வருஷம் இருந்தவனுக்கு முகம் தெரியும். பிடிக்கவில்லை.

ஏதோ கேட்டார். சுபாஷிணி, "பறவைகளும் சூரியனும் யாரோட யோசனைன்னு கேக்கிறார்" என்றாள்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம். குறை வந்தால் அங்கே இல்லாத ஆள் மேல் போடுவோம். கதவில் கீறல் என்றால் லாரிக்காரன். பாலிஷ் மங்கல் என்றால் பாலிஷ்காரன். லாரிக்காரன் வந்து நிற்கும்போது பாலிஷ்காரன். யாருக்கும் நஷ்டம் இல்லை, அவர்களும் நம் தலையை அப்படித்தான் உருட்டுவார்கள். யோசித்துச் சொல்வதில்லை, வாய் தானாகச் சொல்லும்.

"என் வீட்டம்மா" என்றேன். "பொம்பளைங்க சும்மா இருக்க மாட்டாங்க. அழகுக்குன்னு எதையாவது சேத்துருவாங்க."

சுபாஷிணி என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு இன்னொன்று கேட்டார்.

"அப்போ அலை?"

"நான்தான்."

அவள் உடனே மொழிபெயர்க்கவில்லை. "அப்படியே சொல்லட்டுமா சார்?" என்றாள்.

"சொல்லுங்க."

சொன்னாள். நிஷிமுரா இரண்டு கையையும் தொடையோடு சேர்த்து வைத்துக்கொண்டு எனக்கு இடுப்புவரை குனிந்து வணக்கம் சொன்னார். நானும் குனிந்தேன். எவ்வளவு நேரம் குனிந்திருப்பது என்று தெரியவில்லை. ஓரக்கண்ணால் ஏகாம்பரத்தின் கால் தெரிந்தது. கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தது.

ஜூலை 23

"என்ன சொன்னாங்க?" என்று பேச்சி கேட்டாள்.

"நல்லாருக்குன்னாங்க."

"கொக்கப் பத்தி?"

"ஒண்ணும் சொல்லல."

ஜூலை 26

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சுபாஷிணி போன் செய்தாள். எனக்கல்ல, பேச்சிக்கு. பேச்சி கையில் மாவு இருந்தது, ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, நீங்க ஜூன்ல அனுப்பின வரைபடம் எல்லாத்தையும் நான் அப்பவே சாருக்குக் காட்டியிருந்தேன். அதுல வானம் காலியா இருந்துச்சு. அது அவருக்கு ஞாபகம் இருக்கு. அன்னைக்கு உங்க வீட்டுக்காரர் சொன்னத நான் சொன்னபடி மொழிபெயர்த்தேன், அது என் வேலை. ஆனா கார்ல போகும்போது அவரா கேட்டார், வரைபடம் அனுப்பினது யாருன்னு. அதையும் சொன்னேன்."

"சொன்னபடின்னா, எப்படிச் சொன்னாரு?"

அந்தப் பெண் தயங்கினாள். பேச்சி விடவில்லை. சுபாஷிணி ஒரு வார்த்தை மாறாமல் சொல்லிவிட்டாள். பொம்பளைங்க சும்மா இருக்க மாட்டாங்க என்றது வரை.

விஷயம் இதுதான். இப்போது இருப்பது பணியாளர் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும். வாசலுக்கு இன்னொன்று வேண்டும், வரைபடத்தில் இருந்தபடி. வேலையை வரைந்தவரிடமே கொடுக்கச் சொல்கிறார் நிஷிமுரா. பலகை இன்னும் அடிக்கவில்லை, பெயரைத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள்.

"அப்ப மொதல்லயே ஒரு பேரு குடுத்திருந்தாரா?"

"உங்க வீட்டுக்காரர் பேர் மட்டும் இருந்துச்சு அக்கா."

பேச்சி போனை முழங்கையால் அணைத்தாள். மாவைப் பிசைந்தாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்.

"கொக்கு என்னுது, அலை உங்களுதா?"

வாயில் சோறு இருந்தது. விழுங்கிவிட்டு மோரை எடுத்து ஊற்றிக்கொண்டேன்.

ஜூலை 29

சண்டை இல்லை. சமைக்கிறாள், மாத்திரையை எடுத்து வைக்கிறாள். பட்டறைக்கு வருவதில்லை, அவ்வளவுதான். ஸ்ரீபெரும்புதூர் ஆள் பூஜையறைக் கதவுக்கு வந்து உட்கார்ந்தார். "உங்க டிசைனர் எங்கே?" என்றார். லீவு என்றேன். ஏகாம்பரம் மெஷினைத் துடைத்துக்கொண்டே இருக்கிறான், வேறு வேலை இல்லை.

"கதவு டிசைன் எதாவது குடுங்க மொதலாளி."

"பழசுலேர்ந்து ஒண்ண எடுத்துப் போடு."

"கொக்கு போடட்டுமா?"

அவனை வேலையை விட்டு நிறுத்தியிருக்க வேண்டும். வேறு ஆபரேட்டர் கிடைக்க மாட்டான்.

ஜூலை 31

பதினொரு மணிக்குப் பேச்சி கடைக்கு வந்தாள். பேங்குக்குக் கட்டும் சேலை. மேசைக்கு என் பக்கம் வரவில்லை, வாடிக்கையாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னம்மா அங்க உக்காந்துட்டீங்க?" என்றான் ஏகாம்பரம்.

"டீ சொல்லுங்க ஏகாம்பரம். ரெண்டு." பிறகு என்னிடம்: "வாசல் அலைக்கு மெஷின் வாடகைக்கு வேணும். தொண்ணூறு மணி நேரம்."

சிரித்தேன். "நம்ம மெஷினுக்கு நீ வாடகையா?"

"பில்லு, லோனு எல்லாம் உங்க பேர்லதான இருக்கு. வெளியாளுக்கு என்ன ரேட்டோ அதச் சொல்லுங்க. பேசிக் குறைப்பேன்."

விளையாட்டு என்று நினைத்து மணிக்குத் தொள்ளாயிரம் என்றேன். நானூறு என்றாள். முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. மெஷினில் பிட் தேய்மானம் என்றேன். பிட் நான் வாங்கிக்கிடுதேன் என்றாள். கரண்ட் என்றேன். மீட்டரை எழுதி வந்திருந்தாள். எண்ணூறில் நின்றபோது எழுந்தாள். "செங்கல்பட்டுல ஒரு மெஷின் இருக்கு, கேட்டுட்டேன்" என்று வாசல்வரை போனாள். வாசல்வரை போய்த் திரும்பிப் பார்ப்பது மரக்கடையில் நான் செய்கிற காரியம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் கூப்பிட்டேன்.

மறுபடி உட்கார்ந்தாள். டீ ஆறிப்போயிருந்தது. என் மேல்தான் தப்பு என்று சொல்ல அந்த நேரத்தில் ஒரு இடம் இருந்தது. நாக்கு நுனிவரை வந்தது. பேரத்தின் நடுவில் அதைச் சொன்னால் ரேட் விழுந்துவிடும் என்று பேசாமல் இருந்தேன். அதற்குள் அவள் கதவு டிசைனுக்குப் போய்விட்டாள்.

"இதுவரைக்கும் போட்டது போகட்டும். இனிமே ஃபைலுக்கு இவ்வளவுன்னு பேசிக்கிடுவோம்."

"வீட்டு ஆளுக்கு..."

"டிசைனருக்கு. நீங்கதான எல்லார்கிட்டயும் அப்படிச் சொல்லுதீங்க."

எழுதித் தரச் சொன்னாள். கடை லெட்டர்பேடில் எழுதினேன். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். சாட்சிக்கு ஏகாம்பரம்.

மெஷின் மணிக்கு அறுநூற்றைம்பது ரூபாய், கரண்ட் சேர்த்து. பிட்டும் மரமும் ஏகாம்பரத்தின் கூலியும் அவள் செலவு. அலைப்படத்தின் பலகையில் பேச்சியம்மாள் மட்டும், கடைப்பெயர் வராது. கதவு டிசைன் ஒன்றுக்கு நான் தர வேண்டியது மூவாயிரம், பாதி முன்பணம், மீதி ஃபைல் கைக்கு வரும்போது.